வாசலில் நின்ற வாத்தியங்கள்

(நம் பங்கின் பொன்விழா இசைமாலையில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



இசை கேட்க வந்தவர்களைப் பேச்சுக் கேட்கச் சொல்வது, பந்தியில் இலையைப் போட்டுவிட்டுச் சோற்றுக்குக் காக்க வைப்பது போன்ற கொடுமை என்பதை நாம் அறிவோம். ஆயினும் விழாக் குழுவினர் இருபது நிமிடம் தந்துள்ளனர். அதற்கு ஒரு காரணமும் உண்டு.

இந்த மேடையைப் பாருங்கள். நம் ஆலயத்தின் பழைய ஆர்மோனியம் இருக்கிறது. வயலினும் மிருதங்கமும் இருக்கின்றன. இளைஞர்களின் கிதாரும் கீபோர்டும் இருக்கின்றன. நாதஸ்வரமும் தவிலும் வந்திருக்கின்றன. அந்த ஓரத்தில், துணி போர்த்தி, நான்கு பறைகள் இருக்கின்றன. நிகழ்ச்சி நிரல் அச்சான மறுநாளே மூன்று பேர் நம்மிடம் வந்தார்கள். “இத்தனையும் ஒன்றாக ஒலித்தால் இசையா, சந்தைக் கூச்சலா?” என்று ஒருவர் கேட்டார். “எல்லாம் சரி சாமி, அந்தப் பறை மட்டும் வேண்டாமே” என்று மற்ற இருவரும் சொன்னார்கள். அந்த இரண்டு கேள்விகளுக்கும் இங்கே எல்லார் முன்னிலையிலும் விடை சொல்ல விரும்புகிறோம். அதற்கு முதலில் உங்களை வெகுதூரம் அழைத்துச் செல்ல வேண்டியிருக்கிறது.

2001 செப்டம்பர் 11-ஆம் நாளை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நியூயார்க்கில் இரட்டைக் கோபுரங்கள் விழுந்தன. வாஷிங்டன் நகருக்கு எதிரே, ஆற்றின் அக்கரையில் உள்ள இராணுவத் தலைமையகமும் தாக்கப்பட்டது. கீழைநாட்டு முகத்தைக் கண்டாலே அந்நாட்டில் பலர் ஐயுற்ற காலம் அது. இது நடந்து பத்து மாதங்கள்கூட நிறையவில்லை. 2002 ஜூன் இறுதியிலும் ஜூலைத் தொடக்கத்திலுமாகப் பத்து நாட்கள், அதே வாஷிங்டனின் நடுவில் உள்ள பெரிய புல்வெளியில் ஒரு விழா நடந்தது. ஸ்மித்சோனியன் நிறுவனம் 1967-இல் தொடங்கிய நாட்டுப்புறக் கலைவிழா அது. அந்த ஆண்டு முதன்முறையாக முழு விழாவையும் ஒரே பொருளுக்கு ஒதுக்கினார்கள். அந்தப் பொருள் ‘பட்டுப்பாதை’. பண்பாடுகளை இணைப்பதும் நம்பிக்கையை வளர்ப்பதுமே நோக்கம் என்று அறிவித்தார்கள்.

அந்தப் புல்வெளியின் ஒரு கோடியில் ஜப்பானின் நாரா நகர வாயிலைப் போன்ற ஓர் அமைப்பு. மறு கோடியில் இத்தாலியின் வெனிஸ் நகர ஆலயத்தைப் போன்ற ஓர் அமைப்பு. இடையில் சீனத்தின் சியான் நகரக் கோபுரம், சமர்கந்து நகரச் சதுக்கம், இஸ்தான்புல் நாற்சந்தி. இவற்றையெல்லாம் வடிவமைத்தவர் நம் நாட்டுக் கலைஞர் இராஜீவ் சேத்தி. பாகிஸ்தான் ஓவியர்கள் ஒரு லாரியைக் கொண்டுவந்து நிறுத்தி, மக்கள் பார்க்கப் பார்க்க அதில் பூவும் பறவையும் தீட்டினார்கள். இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து ஏறக்குறைய 400 கலைஞர்கள் வந்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வந்து பார்த்தார்கள். அஞ்சிக்கிடந்த ஒரு நகரம், தான் அஞ்சிய திசையிலிருந்தே பாட்டுக்காரர்களை விருந்துக்கு அழைத்தது!

இவ்விழாவுக்கு உயிராக நின்றவர்களில் ஒருவர் யோ-யோ மா. செல்லோ என்னும் பெரிய நரம்புக் கருவியை வாசிப்பவர். சீனப் பெற்றோருக்கு 1955-இல் பாரிஸ் நகரில் பிறந்து, அமெரிக்காவில் வளர்ந்தவர். ஐரோப்பியச் செவ்விசையில் எட்ட வேண்டிய உயரமெல்லாம் எட்டிய பிறகு, அவருக்குள் ஒரு கேள்வி எழுந்தது: அந்நியர்கள் சந்தித்துக்கொள்ளும்போது என்ன நடக்கிறது? அதற்கு விடை தேடி 1998-இல் பட்டுப்பாதைத் திட்டத்தைத் தொடங்கினார். 2000-ஆம் ஆண்டில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் டாங்கிள்வுட் என்னுமிடத்தில் பல நாட்டு இசைவாணர்கள் முதன்முறையாகக் கூடினார்கள். ஈரானின் கமாஞ்சே, சீனத்தின் பிபா, நம் நாட்டுத் தபலா, மங்கோலியாவின் நீள்பாட்டு, ஐரோப்பிய வயலின், செல்லோ எல்லாம் ஒரே கூடத்தில் அமர்ந்தன. பிபா என்றதும் எண்ணெய்ப் பீப்பாயை நினைத்துச் சிரிக்காதீர்கள்! அது நான்கு நரம்புள்ள அழகிய கருவி; மடியில் செங்குத்தாக நிறுத்தி, ஐந்து விரல் நகங்களாலும் மீட்டுவார்கள்.

அன்பர்களே, ‘இத்தனையும் ஒன்றாக ஒலித்தால் கூச்சலாகாதா?’ என்பது முதல் கேள்வி. எளிதாக ஒன்றாகிவிடாது என்பதுதான் உண்மை. ஈரானிய இசையில், பியானோவின் இரண்டு கட்டைகளுக்கு நடுவே விழும் சுரங்கள் உண்டு. பியானோவால் அவற்றைத் தர முடியாது; கமாஞ்சேயால் அவையின்றி வாழ முடியாது. தபலாவை ஒரு சுருதிக்குச் சேர்த்துவிட்டால், பாட்டின் நடுவே சுருதி மாறும்போது அது தவித்து நிற்கும். ஐரோப்பியர் தாளில் எழுதியதைப் பார்த்து வாசிப்பார்கள். நம்மவர் குருவின் வாய்மொழியைக் காதால் வாங்கிக் கற்றவர்கள். ஒருவர் நாற்காலியில் அமர்வார், மற்றவர் தரையில். கமாஞ்சே வாசிப்பவர் வில்லை வேறு நரம்புக்குத் திருப்புவதில்லை, கருவியையே திருப்புகிறார்! ஸ்பெயின் நாட்டுக் கலீசியாவின் துருத்திக் குழல் ஒலித்தால், பக்கத்தில் மெல்லிய நரம்புக் கருவி இருப்பதே தெரியாது.

இவ்வளவு இடர்களையும் எப்படித் தாண்டினார்கள்? இக்குழுவைப் பற்றி 2015-இல் ஒரு படம் வந்தது. அதைக் கண்டபோது மூன்று செய்திகள் நம் மனத்தில் பதிந்தன. முதலாவது, வாசிப்பதற்கு முன் கேட்டார்கள். தன் கருவி எப்போது ஒலிக்க வேண்டும் என்பதைவிட, எப்போது ஓய வேண்டும் என்பதைக் கற்றார்கள். இரண்டாவது, உரத்த கருவி தன்னைத் தாழ்த்திக்கொண்டது. மெல்லிய கருவி உரத்துக் கத்த வேண்டிய நிலை வரவில்லை. மூன்றாவது, எந்தக் கருவியும் தன் தாய்மொழியை மறக்கவில்லை. கமாஞ்சே கமாஞ்சேயாகவே பேசியது. செல்லோ அதற்குச் சுருதியாய் நின்றது. எல்லாவற்றையும் அரைத்து ஒரே துவையல் ஆக்குவதல்ல அவர்கள் நோக்கம். அவியலில் காய் ஒவ்வொன்றும் தன் சுவையோடு இருப்பது போன்றது அது. நம் கீபோர்டுத் தம்பிகள் இந்த இடத்தைச் சற்றுக் கவனமாகக் கேட்க வேண்டும்! தாளப் பொத்தானை அமுக்கிவிட்டால் அது யாருடைய பாட்டையும் கேட்பதில்லை. பாடுகிறவர்கள்தாம் அதன் பின்னால் ஓட வேண்டியிருக்கிறது.

இனி, இன்னொரு செய்தி. ‘இது நம் கருவி, அது அந்நியக் கருவி’ என்கிறோமே, அது எவ்வளவு தூரம் உண்மை?

ஜப்பானின் நாரா நகரில் ஷோசோயின் என்னும் அரச கருவூலம் உள்ளது. ஷோமு பேரரசர் மறைந்த பின், 756-இல் பேரரசி காணிக்கையாக அளித்த பொருட்களோடு தொடங்கிய கருவூலம் அது. அங்கே ஐந்து நரம்புள்ள ஒரு வீணை போன்ற கருவி பாதுகாக்கப்படுகிறது. அவ்வகைக் கருவிக்குப் பிறப்பிடம் இந்தியா என்று கருதுகிறார்கள். அதன் முகப்பில் சிப்பி இழைத்து ஒரு சித்திரம்: ஒட்டகத்தின் மேல் அமர்ந்த ஒருவன் நரம்புக் கருவி வாசித்துக்கொண்டு போகிறான். ஜப்பானில் ஏது ஒட்டகம்? அந்தக் கருவி வந்த வழியை அந்தச் சித்திரமே சொல்கிறது. பாரசீகத்தின் பழைய பர்பத், அரபு நாட்டின் ஊத், ஐரோப்பாவின் லூட், சீனத்தின் பிபா, ஜப்பானின் பிவா எல்லாம் ஒரே குடும்பத்துச் சகோதரர்கள். கட்டிக்கொடுத்த ஊருக்கு ஏற்பப் பேச்சு மாறிய அக்கா தங்கைகளைப் போன்றவை அவை.

அதே பாதையில்தான் நற்செய்தியும் நடந்தது. சிரிய மரபுக் கிறிஸ்தவத் துறவி அலோபென் 635-இல் சீனத் தலைநகரை அடைந்தார் என்பதை 781-இல் நாட்டப்பட்ட கல்வெட்டு கூறுகிறது. அக்கல் இன்றும் சியான் நகரில் இருக்கிறது. பின்னர் 1601-இல் பெய்ஜிங் நகருக்குள் நுழைந்த இயேசு சபைக் குரு மத்தேயு ரிச்சி, சீனப் பேரரசருக்குக் கொடுத்த பரிசுகளில் கட்டைகள் வைத்த ஓர் இசைக்கருவியும் இருந்தது. அதை வாசிக்க அரண்மனையில் யாருக்கும் தெரியவில்லை. உடன் வந்த பந்தோஹா அடிகளார் அரண்மனைப் பணியாளர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். மறையுரை செய்ய வாயில் திறக்காத இடத்தில் இசைக்காகக் கதவு திறந்தது.

சீனத்திலிருந்து எதிர்த்திசையிலும் ஒன்று சென்றது. ஷெங் என்று ஒரு சீனக் கருவி. மூங்கில் குழல்களைக் கொத்தாகச் சேர்த்து வாயால் ஊதுவது. ஒவ்வொரு குழலிலும் ஒரு மெல்லிய உலோக நாக்கு. காற்றுப் பட்டதும் அது துடித்து ஒலிக்கும். 18-ஆம் நூற்றாண்டில் பெய்ஜிங்கில் வாழ்ந்த இயேசு சபைக் குரு ஆமியோ, சீன இசையைப் பற்றி ஒரு நூலே எழுதி, இக்கருவியையும் பாரிசுக்கு அனுப்பிவைத்தார். அந்தத் துடிக்கும் நாக்கின் தத்துவத்தைக் கொண்டு ஐரோப்பியர் பல கருவிகளைச் செய்தார்கள். 1840-களில் பாரிஸ் நகரின் தெபேன் என்பவர் அப்படி ஒன்றுக்கு உரிமை பெற்று, அதற்கு ஆர்மோனியம் என்று பெயரிட்டார். அது இந்தியாவுக்கு வந்தது. தரையில் அமர்ந்து ஒரு கையால் துருத்தியை அசைத்து மறுகையால் வாசிக்கும்படி கல்கத்தாவில் அதை மாற்றி அமைத்தார்கள். ஆக, நம் பாட்டுக்கூடத்தில் இருக்கும் இந்தப் பழைய பெட்டி சீனத்துப் பாட்டனுக்கும் பாரிஸ் தகப்பனுக்கும் பிறந்து கல்கத்தாவில் வளர்ந்த பிள்ளை! இதையா நாம் ‘நம்முடைய பழைய பாரம்பரியம்’ என்கிறோம்? ஆம், இன்று அது நம்முடையதுதான். ஐம்பது ஆண்டுகள் நம்மோடு அழுதும் மகிழ்ந்தும் நம்முடையதாகிவிட்டது.

அந்த ஆர்மோனியமும் ஒரு காலத்தில் வாசலில் நிறுத்தப்பட்டது. கமகம் வராத அந்நியப் பெட்டி என்று சொல்லி, அகில இந்திய வானொலி 1940-இல் அதற்குத் தடை விதித்தது. 1971-இல்தான் அத்தடை தளர்ந்தது. வயலினின் கதையையும் கேளுங்கள். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் (1786–1858) சென்னையில் ஐரோப்பியரிடம் அதைக் கற்று, நம் இராகங்களை அதில் இழைத்தார். நின்றுகொண்டு தோளில் சாய்த்து வாசித்த கருவி, நம் நாட்டில் சம்மணமிட்டு அமர்ந்து, நெஞ்சுக்கும் கணுக்காலுக்கும் இடையே சாய்ந்துகொண்டது. மொராக்கோ நாட்டில் அதே வயலினை முழங்காலில் நிறுத்தி வாசிக்கிறார்கள். வந்த வீட்டின் வழக்கப்படி உட்காரத் தெரிந்த விருந்தாளி அது. இன்று வயலின் இல்லாத கச்சேரி உண்டா?

நம் திருச்சபையும் இவ்வகையில் மெல்லக் கற்றுக்கொண்டதுதான். குருமடத்தில் திருவழிபாட்டு வரலாறு படித்தபோது இதை அறிந்தோம். 1903-இல் புனித பத்தாம் பத்திநாதர் திருவழிபாட்டு இசைக்கு ஒழுங்கு வகுத்தார். அன்றைய ஆலயங்களில் நாடக மேடைப் பாட்டு புகுந்துவிட்டதைக் கண்டு வருந்தி, பியானோவையும் முழவு, கைத்தாளம் போன்ற ஒலிமிகு கருவிகளையும் விலக்கினார். அக்காலத்துக்கு அது தேவையாய் இருந்தது. அறுபது ஆண்டுகள் கழித்து, 1963-இல், இரண்டாம் வத்திக்கான் சங்கம் கதவைத் திறந்தது. குழலார்கனுக்கு உரிய மதிப்பை அளித்த அதே சங்கம், ஒவ்வொரு நாட்டு மக்களின் இசை மரபையும் மதிக்க வேண்டும் என்றது. இறைவழிபாட்டுக்குத் தகுந்ததாய், ஆலயத்தின் மாண்புக்கு ஒத்ததாய், மக்களின் பக்தியை வளர்ப்பதாய் இருக்குமானால், பிற கருவிகளையும் உரிய ஆட்சியாளரின் இசைவோடு ஏற்கலாம் என்றது. கருவி எந்தத் தெருவிலிருந்து வந்தது என்று அது கேட்கவில்லை.

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருகிறோம். இதைச் சொல்வது நமக்கு எளிதன்று. ஆயினும் பொன்விழா ஆண்டில் கணக்குப் பார்க்கிறவன், வரவை மட்டும் படித்துவிட்டுக் கடனை மறைக்கலாகாது.

ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன், வேறொரு பங்கில் நாம் இளம் பங்குத்தந்தையாக இருந்தோம். கொடியேற்றத் திருநாள். அப்பங்கின் ஒரு தெருவைச் சேர்ந்த எட்டுப் பேர், நம் மக்களே, திருமுழுக்குப் பெற்ற கிறிஸ்தவர்களே, பறைகளோடு வந்தார்கள். கூலி கேட்கவில்லை. “சப்பரத்துக்கு முன்னால அடிச்சிட்டு வர்றோம் சாமி” என்றார்கள். நாம் சரி என்றோம். அவர்கள் ஆலய வாசலுக்கு வெளியே வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சினார்கள். காய்ச்சினால்தான் தோல் இறுகி நாதம் எழும் என்பது உங்களுக்குத் தெரியும். அதற்குள் பெரியவர்கள் சிலர் நம் அறைக்கு வந்துவிட்டார்கள். “அது சாவு மேளம். திருநாளில் அடித்தால் நாங்கள் சப்பரம் தூக்க மாட்டோம்” என்றார்கள். நகரத்திலிருந்து பேண்டு வாத்தியக்காரர்களும் வந்து இறங்கினார்கள்.

விழா நின்றுவிடுமோ என்று நாம் அஞ்சினோம். வாசலுக்குப் போய், “இந்த ஆண்டு வேண்டாம், அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்வோம்” என்று சொன்னோம். அவர்கள் எதிர்த்து ஒரு சொல் சொல்லவில்லை. பேண்டு முழங்க, சப்பரம் அவர்களைக் கடந்து போயிற்று. காய்ச்சிய பறைகள் அடிக்கப்படாமலே ஆறிப்போயின. நாம் சப்பரத்தின் பின்னால் செபமாலை சொல்லிக்கொண்டு நடந்தோம். அடுத்த ஆண்டு வந்தது. அவர்கள் வரவில்லை. நாமும் அழைக்கவில்லை.

சாவு மேளம் என்றார்களே, பேண்டு வாத்தியக்காரர்கள் சாவுக்கு வாசிப்பதில்லையா? ஆலய மணி சாவுக்கும் அடிக்கிறதே, அதை இறக்கிவைத்தோமா? தோல் என்று முகம் சுளித்தால், மிருதங்கத்திலும் மாட்டுத் தோல்தானே ஒலிக்கிறது! மேடையில் மாலை வாங்கும் மிருதங்கங்களைச் செய்த கைகள் யாருடையவை? தஞ்சையில் செபாஸ்டியன் என்பவரின் பரம்பரையைப் பற்றி இசைவாணர் டி. எம். கிருஷ்ணா 2020-இல் ஒரு நூல் எழுதினார். பாலக்காடு மணி ஐயரின் மிருதங்கங்களுக்குத் தோல் பார்த்துப் பதப்படுத்தி, அவருடைய காதுக்கு ஏற்ற நாதத்தை உண்டாக்கிய பர்லாந்து அந்தக் குடும்பத்தவர். ஒடுக்கப்பட்ட மக்களிலிருந்து வந்த கிறிஸ்தவர்கள் அவர்கள். கருவி சபைக்குள் போயிற்று. செய்தவர் நெடுங்காலம் வாசலிலேயே நின்றார்.

தொல்காப்பியர் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களை எண்ணும்போது, தெய்வம், உணவு, மரம், பறவை இவற்றோடு பறையையும் யாழையும் சேர்த்தே எண்ணுகிறார். திருப்பாடல்களில் இறுதியான 150-ஆம் பாடலைப் பிரித்துப் பாருங்கள். எக்காளமும் யாழும் குழலும் வரிசையில் நிற்கும்போது, தோல் கட்டிய கொட்டும் அவற்றின் நடுவில்தான் நிற்கிறது. அதை யாரும் வெளியே அனுப்பவில்லை. வாஷிங்டன் விழாவைப் பற்றிப் படிக்கும்தோறும் ஓர் எண்ணம் நம்மைக் குத்துகிறது. பன்னிரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள அந்நியனை அழைத்து உட்கார வைத்தார்கள் அவர்கள். நாமோ பக்கத்துத் தெருவிலிருந்து வந்த நம் சகோதரனுக்கு வாசலைத் தாண்ட வழி விடவில்லை. 2020 முதல் பட்டுப்பாதைக் குழுவின் இசைப் பொறுப்பை ஏற்றிருப்பவர் ரியானன் கிடென்ஸ் என்னும் அம்மையார். அவர் வாசிப்பது பாஞ்சோ. அடிமைகளாகக் கப்பலில் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மக்களின் கருவிகளிலிருந்து பிறந்தது அது. ஒருகாலத்தில் ஏளனத்துக்குரியதாக இருந்த கருவி, இன்று தலைமை இடத்தில் இருக்கிறது.

சென்ற தவக்காலத்தில் நாம் அந்தப் பழைய பங்குக்குச் சென்றோம். அன்று முன்னால் நின்ற பெரியவரைத் தேடி அவர் வீட்டுக்குப் போனோம். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. கட்டிலை இழுத்துப் போட்டு உட்கார வைத்தார். கடையிலிருந்து காபி வாங்கிவரச் சொன்னார். பிள்ளைகள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறார்கள். பறைகள் இல்லை, அந்தக் குழுவும் இல்லை. நாம் மன்னிப்புக் கேட்டோம். “அதெல்லாம் பழைய கதை சாமி, விடுங்க” என்றார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்க நமக்கு உரிமையும் இல்லை. திரும்பி வரும் வழியெல்லாம் ஒன்றே நினைத்தோம்: ஒரு கருவியை வாசலில் நிறுத்துவதற்கு ஒரு நிமிடம் போதும், நின்றுபோன அந்த ஒலியைத் திரும்பக் கொண்டுவர ஓர் ஆயுள் போதாது.

ஆகவே, அன்பார்ந்த மக்களே, இன்று மாலை இந்த நான்கு பறைகளும் ஓர் அலங்காரத்துக்காக இங்கே வரவில்லை. ‘எல்லாரையும் அழைத்தோம்’ என்று பெயர் வாங்கவும் வரவில்லை. நம் பங்கின் இளைஞர்கள் அவற்றை வாசிக்கிறார்கள். மூன்று மாதமாகப் பாடகர் குழுவோடு பயிற்சி செய்திருக்கிறார்கள். முதல் வாரம் பறைக்கு முன் வயலின் காதில் விழவில்லை. இரண்டாம் வாரம் வயலின்காரப் பெண் கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். பிறகு பறைக்காரத் தம்பிகளே ஒரு வழி கண்டார்கள்: வயலின் பாடும் இடத்தில் அடிக்குச்சியை வைத்துவிட்டு, மெல்லிய சுண்டுக்குச்சியால் மட்டும் ஓரத்தில் தட்டுகிறார்கள். பல்லவி வரும்போது இரண்டு குச்சியும் சேர்கின்றன. நாதஸ்வரத்தின் சுருதி உயரம் என்பதால், பாடகர்கள் சில இடங்களில் மூச்சு வாங்க நின்று, அதைத் தனியே பாட விடுகிறார்கள். டாங்கிள்வுட்டில் பெரிய இசைவாணர்கள் கற்ற பாடத்தை, நம் பிள்ளைகள் நம் பங்கு மன்றத்தில் தாங்களாகவே கற்றுக்கொண்டார்கள். இதைவிடப் பெரிய பொன்விழாப் பரிசு நமக்கு வேறு என்ன இருக்க முடியும்?

இன்னும் சிலருக்கு மனம் ஒப்பவில்லை என்பதும் நமக்குத் தெரியும். அவர்களை நாம் குறை கூறவில்லை. நாமும் அவ்விடத்தில் நின்றவர்தாம். எழுந்து போய்விடாமல் முதல் பாட்டு முடியும்வரை கேளுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறோம். இசை இரவல் போன ஒரு மாலைப் பொழுதில் சாதி ஒழிந்துவிடும் என்று நாம் கனவு காணவில்லை. மேடையில் ஒன்றாக அமர்ந்தவர்கள் நாளைக் கல்லறைத் தோட்டத்திலும் கலியாணப் பந்தியிலும் ஒன்றாக அமர்கிறார்களா என்பதுதான் உண்மையான சோதனை. அந்தச் சோதனையில் நாம் தேறினோமா என்பதை, நம் பங்கின் நூற்றாண்டு விழா மலரில் அன்றைய பங்குத்தந்தை எழுதட்டும்.

நேரமாகிறது. நிகழ்ச்சி நிரலில் முதலில் ஆர்மோனியம் என்று அச்சாகியிருக்கிறது. விழாக் குழுவினரின் இசைவோடு அதில் ஒரு சிறு மாற்றம் செய்திருக்கிறோம். பறைகள் நம் இல்லத்துச் சமையற்கட்டு அடுப்பில் காய்ச்சப்பட்டு, இப்போதுதான் மேடைக்கு வந்திருக்கின்றன. அவை ஆறுவதற்குள் தொடங்க வேண்டும். எனவே முதல் ஒலி அவற்றினுடையது. ஆர்மோனியம் சுருதி சேர்ந்து பின்னால் வரும்.

பல நாவுகளையும் பல நரம்புகளையும் படைத்த இறைவன், உங்களையும் உங்கள் இல்லங்களையும் நிறைவாக ஆசீர்வதிப்பாராக!

தம்பிகளே, துணியை எடுங்கள். தொடங்குங்கள்.